லாந்த் வாத்துப் பண்ணைகள்: பரம்பரைத் தொழிலில் எது பரம்பரை?

டிசம்பர் மாதம் பிரான்ஸில் எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தாலும் முன்வரிசையில் நிற்பது வாத்து ஈரல்தான். ஃபுவா க்ரா என்று சொல்லி, கண்ணாடிக் குப்பியிலும் தகர டப்பாவிலும் அடைத்து விற்கும் கொழுத்த ஈரல். பாரிஸ் பக்கம் இருக்கும் நம்மவர்கள் அதை வாங்குகிறார்களோ இல்லையோ, பார்க்காமல் கடந்து போயிருக்க முடியாது. டப்பாவின் மேல் ஓர் ஓட்டு வீடு, பின்னால் மக்காச்சோளக் காடு, 'தலைமுறை தலைமுறையாக' என்கிற மாதிரி ஒரு வரி.

அந்த வரி பொய்யில்லை. ஆனால் எது தலைமுறை தலைமுறையாக வந்தது என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமில்லை. தென்மேற்கு பிரான்ஸில் வாத்து வளர்க்கும் குடும்பங்களில் கொள்ளுப்பாட்டி வளர்த்த வாத்து வேறு, கொள்ளுப்பேரன் வளர்ப்பது வேறு. தீனி ஊட்டும் முறை வேறு. ஊட்டுகிற ஆள் வேறு. குஞ்சு வருகிற இடம் வேறு. நிலம் யாருடையது என்பதுகூட நடுவில் மாறிப் போயிருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் அதே வாசலில் ஏறக்குறைய ஒரு புதுத் தொழிலைத் தொடங்கியிருக்கிறது என்பதுதான் என் கணிப்பு. இங்கே நான் சொல்லப்போவது ஏதோ ஒரு வீட்டின் கதை என்று நினைக்க வேண்டாம். லாந்த் மாவட்டத்தின் தெற்கே சலோஸ் என்னும் பகுதியிலும் அதன் அக்கம்பக்கத்திலும் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பொதுவாக நடந்தது இது.

லாந்த் என்றதும் பிரெஞ்சுக்காரர்களுக்கு முதலில் நினைவு வருவது பைன் காடு. மாவட்டத்தின் வடபகுதி முழுக்க மணல். 1857இல், மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் வந்த ஒரு சட்டம் ஊர்ப் பொதுநிலங்களில் வடிகால் வெட்டி மரம் நடச் சொன்னது. அந்தக் காடு பெரும்பாலும் அப்படிப் பரவியதுதான். அதூர் ஆற்றைத் தாண்டித் தெற்கே வந்தால் நிலமே வேறு. சின்னச் சின்னக் குன்றுகள், களி கலந்த நல்ல மண், அட்லாண்டிக்கிலிருந்து வந்து தவறாமல் பெய்யும் மழை. அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோளம் 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கே ஊன்றிக்கொண்டது. மனிதர்கள் அதைக் கஞ்சியாகக் குடித்தார்கள், மிஞ்சியதைக் கோழிக்கும் வாத்துக்கும் போட்டார்கள். ஒலிவ எண்ணெய்க்கு இது தோதான இடமில்லை. வெண்ணெய்க்குப் பேர்போன நார்மண்டியும் தொலைவில் இருந்தது. சமையலுக்குக் கொழுப்பு எங்கிருந்து வரும்? பன்றியிலிருந்தும், மக்காச்சோளம் தின்று கொழுத்த வாத்திலிருந்தும் பெருவாத்திலிருந்தும் (கூஸ்) தான். பறவைக்கு வாயில் ஊட்டிக் கொழுக்க வைப்பதை பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. எகிப்தில் சக்காரா கல்லறைச் சுவர்களில் 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஓவியங்கள் அதைக் காட்டுகின்றன. ரோமானியர்கள் அத்திப்பழம் ஊட்டினார்கள். சலோஸ்காரர்களுக்கு அந்தச் சரித்திரமெல்லாம் தேவைப்படவில்லை. குளிர்காலத்தைத் தாண்டக் கொழுப்பு வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய தலைமுறையில் வாத்து என்பது பண்ணையின் தொழிலாகவே கருதப்படவில்லை. வயல், காளை, கோதுமை, மக்காச்சோளம் இவையெல்லாம் ஆண்கள் சமாச்சாரம். வீட்டு முற்றமும் அதில் மேயும் பறவைகளும் பெண்கள் பொறுப்பு. சில டஜன் வாத்துகள், கொஞ்சம் பெருவாத்துகள், கோழிகள். இலையுதிர் காலத்தில் மக்காச்சோளம் வீடு வந்து சேர்ந்தபின் ஊட்டத் தொடங்கி, நல்ல குளிரில் அறுப்பார்கள்.

ஊட்டுவது எப்படி என்றால், முக்காலியில் உட்கார்ந்து வாத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்வார்கள். கழுத்தை மேல்நோக்கி நீட்டிப் பிடித்து, அலகுக்குள் தகரப் புனலின் நீண்ட குழாயை இறக்குவார்கள். புனலில் வேகவைத்த சோள மணிகள். உள்ளே ஒரு திருகு; கைப்பிடியைச் சுற்றினால் மணிகள் இறங்கும். இன்னொரு கை கழுத்தின் வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே இருக்கும். முந்தின வேளை ஊட்டியது செரித்துவிட்டதா, தீனிப்பையில் கட்டியாக நிற்கிறதா என்று அந்த விரல்கள்தான் சொல்ல வேண்டும். கட்டியாக நின்றால் அந்த வேளையை விட்டுவிட வேண்டும். விடாமல் ஊட்டினால் பறவை செத்துவிடும், மூன்று வார உழைப்பும் சோளமும் போச்சு. ஒரு வாத்துக்கு முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் பிடிக்கும். இருபது முப்பது வாத்துகள், காலை மாலை இரண்டு வேளை, நடுவில் சமையல், மாட்டுத் தொழுவம், குழந்தைகள்.

அறுக்கும் நாளில் அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்துவிடுவார்கள். மெல்லிய இறகு தலையணைக்கும் மெத்தைக்கும் போகும். தொடையையும் மார்பையும் உப்பில் ஊற வைத்து, அதன் கொழுப்பிலேயே மெதுவாக வேக வைத்து, மண் ஜாடியில் அடுக்கி, மேலே உருகிய கொழுப்பை ஊற்றி மூடினால் அதுதான் கோன்ஃபி, மாதக்கணக்கில் கெடாது. கழுத்துத் தோலுக்குள் மசாலா இறைச்சி அடைப்பார்கள். இறைச்சி எடுத்த எலும்புக்கூட்டை நெருப்பில் வாட்டி அன்றைக்கே கடித்துத் தின்றுவிடுவார்கள். ஈரல் மட்டும் வீட்டில் தங்காது. அது சந்தைக்குப் போகும். அந்தக் காசு பெண்ணின் காசு. உப்பு, சர்க்கரை, துணிமணி, பிள்ளைகளின் செலவு எல்லாம் அதிலிருந்து. பண்ணையில் ரொக்கமாகக் கண்ணில் படுகிற பணம் பல வீடுகளில் அது ஒன்றுதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் நடந்தது நன்றாகப் புரியும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சலோஸ் விவசாயிகளில் பெரும்பகுதி நிலம் இல்லாதவர்கள். வாரத்துக்குப் பயிரிட்டார்கள், விளைச்சலில் பாதி, சில இடங்களில் அதற்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ, நிலக்காரருக்கு அளக்க வேண்டும். அது போதாதென்று பண்டிகை நாட்களில் நிலக்காரர் வீட்டுக்குக் காயடித்த சேவல், முட்டை என்று பறவைகளாகவும் கப்பம் கட்ட வேண்டும். முற்றத்தில் பெண் வளர்த்ததிலும் அவருக்குப் பங்கு. முதல் உலகப்போருக்குப் போய்த் திரும்பியவர்கள் இதற்கு மேல் பொறுக்கவில்லை. 1920இல் லாந்த் தெற்குப் பகுதி வாரக்குடிகள் சங்கம் கட்டிக் கிளர்ந்தெழுந்தார்கள். முழு மாற்றம் வர 1946 ஆனது. அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த குத்தகைச் சட்டம் நிலக்காரரின் பங்கு மூன்றில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்றது. வாரத்தைப் பணக் குத்தகையாக மாற்றிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தது. குத்தகை குறைந்தது 9 ஆண்டு, பிள்ளைகளுக்கும் தொடரலாம். நிலம் விற்பனைக்கு வந்தால் முதலில் கேட்க வேண்டியது பயிரிடுகிறவரை. இன்று 'எங்கள் பரம்பரை நிலம்' என்று டப்பாவில் போட்டுக்கொள்ளும் பல குடும்பங்களுக்கு அது சொந்த நிலமானது இந்தச் சட்டத்துக்குப் பிறகுதான். வாத்தைப் பற்றிப் பேசும்போது இந்தச் சட்டத்தை யாரும் எடுப்பதில்லை. எனக்கு என்னவோ இதுதான் கதையின் அச்சாணி என்று தோன்றுகிறது.

பாகப்பிரிவினை

நிலம் கைக்கு வந்தபிறகு அடுத்த தலைவலி அதைப் பிரிக்காமல் காப்பது. லாந்த் அடங்கிய கஸ்கோனி வட்டாரத்திலும் பக்கத்து பேயார்னிலும் வீடுதான் பெரிது, ஆள் அதற்குப் பிறகு. ஆளைக்கூட வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு வாரிசு, பெரும்பாலும் மூத்த மகன், சில பகுதிகளில் மூத்த மகளும் உண்டு, வீட்டையும் நிலத்தையும் ஏற்பார். மற்றவர்களுக்குக் கொஞ்சம் பணமோ சீரோ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவர்கள் பாதிரியாராகவோ ராணுவத்துக்கோ போவார்கள், கப்பலேறி அர்ஜென்டினாவுக்குப் போனவர்களும் ஏராளம்.

1804இல் நெப்போலியன் சட்டத்தொகுப்பு வந்து பிள்ளைகள் எல்லோருக்கும் சம பங்கு என்றது. எந்தப் பிள்ளையையும் சொத்தில்லாமல் விரட்ட முடியாது. பெற்றோர் தங்கள் விருப்பப்படி எழுதிவைக்கக்கூடிய பகுதி ஒரு பிள்ளை இருந்தால் பாதி, இரண்டு என்றால் மூன்றில் ஒன்று, மூன்றும் அதற்கு மேலும் என்றால் கால் பங்கு. தென்மேற்கில் அந்தக் கால் பங்கை வைத்தே சாமர்த்தியமாக விளையாடினார்கள். தன் சம பங்கோடு அந்தக் கால் பங்கையும் வாரிசுக்குச் சேர்த்து எழுதிவிடுவது, நிலத்தைக் குறைவாக மதிப்பிடுவது, மீதிப் பேருக்குத் தவணையில் பணம் கொடுப்பது. சொத்துப் பத்திரம் எழுதும் நோட்டரிக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. அவருக்கும் அந்த ஊர் வழக்கம் தெரியும்.

பின்னால் சட்டமே இறங்கி வந்தது. பண்ணையில் வேலை பார்த்துவந்த வாரிசு, நிலம் முழுவதையும் தனக்கே ஒதுக்கச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்கலாம்; மற்றவர்களுக்கு ஈட்டுத் தொகை கொடுத்துவிட வேண்டும். 1939இல் வந்த இன்னொரு ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. 18 வயதுக்கு மேல் சம்பளமில்லாமல் அப்பா அம்மாவின் பண்ணையில் உழைத்த பிள்ளை, அவர்கள் இறந்தபின் அந்தச் சம்பளத்தைச் சொத்திலிருந்து கடனாகக் கேட்டு வாங்கலாம், அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கு. அதாவது பட்டணத்தில் வேலைக்குப் போன தங்கையும் காலையும் மாலையும் வாத்துக்கு ஊட்டிக்கொண்டிருந்த அண்ணனும் சமமாகப் பிரித்துக்கொள்வது சமமல்ல என்று சட்டம் ஒப்புக்கொண்டது. நம் ஊர்க் குடும்ப வழக்குகளில் இதே பேச்சு எத்தனை தடவை வருகிறது, ஒரு பைசா கணக்குக்கு வருவதில்லை.

1962இல் அப்பாவும் மகனும் பங்காளிகளாகப் பண்ணை நடத்தக் கூட்டுப் பண்ணை வடிவம் வந்தது. 1970இல் நிலத்தை மட்டும் தனி நிறுவனமாக்கிப் பங்குகளாகப் பிரித்துவைக்கும் வழி வந்தது. வயலைத் துண்டு போடாமல் காகிதத்தைத் துண்டு போடலாம். இதில் கடைசியில் வந்து சேர்ந்தவள் மனைவி. வாத்துக்கு ஊட்டியதும் காசு கொண்டுவந்ததும் அவள்தான், ஆனால் காகிதத்தில் அவள் 'தொழில் இல்லாதவள்'. கணவன் மனைவி மட்டுமே சேர்ந்து பண்ணை நிறுவனம் அமைக்க 1985இல் வழி பிறந்தது. கூட உழைக்கும் மனைவிக்கென்று தனி அந்தஸ்து 1999இல் வந்தது. ஓய்வூதியம் என்று வரும்போது இந்தத் தாமதத்தின் விலையை இன்றும் பல பாட்டிகள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கலப்பினம் வந்த பிறகு

1950களில் டிராக்டர் வந்து காளைகள் போயின. அந்தப் பத்தாண்டுகளில்தான் ஒட்டு ரக மக்காச்சோளமும் வந்தது. விளைச்சல் பல மடங்கு. ஆனால் விதையை எடுத்துவைத்து அடுத்த வருடம் போட முடியாது, வாங்கித்தான் ஆக வேண்டும். சில ஆண்டுகள் கழித்து வாத்திலும் அதுவே நடந்தது.

இன்று பிரெஞ்சு ஃபுவா க்ராவில் கிட்டத்தட்ட முழுவதும் முலார் என்னும் கலப்பின வாத்திலிருந்து வருகிறது. முகத்தில் சிவந்த மருக்கள் கொண்ட தென்னமெரிக்க பார்பரி ஆண் வாத்துக்கும், பீக்கிங் வகைப் பெண் வாத்துக்கும் பிறப்பது. இரண்டும் வேறு வேறு பேரினம், தாமாகச் சேர்வது அபூர்வம். 1970கள் வாக்கில் செயற்கை முறைக் கருவூட்டல் நன்றாகக் கைவந்தபிறகு முலார் குஞ்சுகள் லட்சக்கணக்கில் கிடைக்கத் தொடங்கின. நோய் தாங்கும், அமைதியான சுபாவம், ஈரல் நன்றாகக் கொழுக்கும், இறைச்சியும் நல்ல விலை போகும். பெருவாத்து இந்தப் போட்டியில் நிற்க முடியாமல் ஓரம் போனது. முலாருக்கு ஒரே ஒரு குறை, அது மலடு. பண்ணையில் தாய்வாத்து வைத்துக்கொண்டு குஞ்சு எடுக்க வழியில்லை. குஞ்சுப் பொரிப்பகத்திலிருந்து ஒரு நாள் குஞ்சாக வாங்க வேண்டும். அந்தப் பொரிப்பகங்களும் தாய்வாத்துக் கூட்டங்களும் பெரும்பாலும் தென்மேற்கிலேயே இல்லை, வடக்கே லுவார் ஆற்றுப் பக்கம் இருக்கின்றன. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2022 வரைக்கும் பலருக்கு உறைக்கவில்லை.

வேலையும் துண்டு துண்டானது. ஒருவர் குஞ்சை வாங்கி முதல் சில வாரம் சூடான கொட்டகையிலும் அப்புறம் வெளியே மேய்ச்சலிலும் விட்டுப் பன்னிரண்டு வாரம் போல வளர்க்கிறார். இன்னொருவர் அவற்றை வாங்கி 10 முதல் 12 நாள் ஊட்டுகிறார். கூட்டுறவுச் சங்கமோ நிறுவனமோ லாரி அனுப்பி எடுத்துப்போய் அறுத்து டப்பாவில் அடைக்கிறது. மாயிசாதூர் கூட்டுறவு 1936இலேயே மக்காச்சோளத்துக்காகத் தொடங்கியது. வாத்துக்குள் நுழைந்தபோது தீனியும் ஒப்பந்தமும் சந்தையும் ஒரே இடத்தில் கிடைத்தன. பழைய திருகுப் புனல் போய்க் காற்றழுத்தத்தில் இயங்கும் குழாய் வந்தது. சோளமும் தண்ணீரும் கலந்த கூழை அது இரண்டு மூன்று நொடியில் இறக்கிவிடும். முப்பது வாத்து இருந்த இடத்தில் ஒரு தொகுதிக்கு ஆயிரம் வாத்து. 100 கிராம்கூட இல்லாத ஈரல் பத்துப் பன்னிரண்டு நாளில் 500 கிராமைத் தாண்டுகிறது. முற்றம் கொட்டகையானது, பெண்ணின் வேலை ஆணின் தொழிலானது. இதுவும் உலகத்தில் எங்கும் நடப்பதுதான். லாபம் வந்ததும் ஆண்கள் கைமாற்றிக்கொள்கிறார்கள்.

ஊரின் பாரம்பரியச் சாப்பாடு என்று சொல்லித் தருகிற மாக்ரேகூடப் புதுசுதான். வாத்தின் நெஞ்சுக்கறியை எப்போதும் கோன்ஃபி ஜாடிக்குள்தான் போடுவார்கள். 1959இல் ஒஷ் நகரத்துச் சமையல்காரர் ஆந்த்ரே தாகேன் அதை மாட்டிறைச்சி போல உள்ளே சிவப்பு மாறாமல் வாட்டிப் பரிமாறினார். அதற்கப்புறம் ஈரலுக்காக வளர்த்த வாத்தின் கறிக்கும் நல்ல விலை கிடைத்தது. ஒரு வாத்தை நம்பி ஒரு குடும்பம் பிழைக்கலாம் என்கிற கணக்கு பலருக்கு அங்கேதான் சரிப்பட்டது.

எல்லோரும் ஒப்பந்தத்துக்குப் போகவில்லை. சில குடும்பங்கள் வளர்ப்பது, ஊட்டுவது, அறுப்பது, அடைப்பது, விற்பது எல்லாவற்றையும் தாங்களே வைத்துக்கொண்டன. ஜெர்ஸ் மாவட்டத்தில் சமத்தான் என்னும் ஊரில் திங்கட்கிழமை காலை கூடும் சந்தைக்குப் போனால் இந்தப் பிரிவினரைப் பார்க்கலாம். நீள மேசைகளில் ஈரல்கள் வரிசையாக இருக்கும். வாங்குகிறவர்கள் இந்தப் பக்கம் கண்ணால் மட்டும் எடைபோட்டபடி காத்திருப்பார்கள். விசில் ஊதியதும் ஒரே ஓட்டம். அனுபவப்பட்டவர்கள் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்ப்பார்கள். விரல் தடம் பதிய வேண்டும். கல்லாக இருந்தாலும் ஆகாது, உருகி வழுக்கினாலும் ஆகாது, ரத்தக் கறை இருந்தால் விலை இறங்கும். கொஞ்ச நேரத்தில் மேசைகள் காலி. நேரடி விற்பனையில் ஒரு வாத்துக்குக் கிடைக்கும் காசு அதிகம், ஆனால் சுகாதார விதிப்படி அறுப்புக்கூடம், குளிர் அறை, சமையலறை என்று போடும் முதலும் அதிகம். இந்தக் கடனும் பரம்பரையாகத்தான் போகிறது.

2000இல் 'தென்மேற்கின் ஃபுவா க்ரா வாத்து' என்பதற்கு ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வட்டாரத்தில் வளர்த்து, மக்காச்சோளம் ஊட்டி, அங்கேயே அறுத்ததாக இருக்க வேண்டும். குஞ்சு எங்கிருந்து வந்தது என்பதை விட வாத்து என்ன தின்றது என்பதற்குத்தான் அதில் அழுத்தம். முதலில் சொன்ன அந்த மக்காச்சோள மண்தான் கடைசியில் முத்திரையாகவும் ஆயிற்று.

யார் பாட்டியின் முறை?

வாயில் திணித்து ஊட்டுவது கொடுமை இல்லையா என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. தொழில்காரர்கள் சொல்வது: வலசை போகும் நீர்ப்பறவைகள் நீண்ட பயணத்துக்கு முன் தாமாகவே ஈரலில் கொழுப்பைச் சேர்க்கும், ஊட்டுவதை நிறுத்தினால் ஈரல் பழைய நிலைக்குத் திரும்பும், எனவே இது நோய் இல்லை. இதில் உயிரியல் உண்மை இருக்கிறது. ஆனால் முலார் வலசை போகிற பறவை இல்லை. இயற்கையில் எந்தப் பறவையும் பன்னிரண்டு நாளில் இந்த அளவுக்குப் போவதும் இல்லை. 1998இல் ஐரோப்பிய ஆணையத்தின் விலங்கு நல அறிவியல் குழு, நடைமுறையில் இருக்கும் ஊட்டும் முறை பறவைகளின் நலனுக்குக் கேடு என்றே முடிவு சொன்னது. வாத்து திரும்பிக்கூட நிற்க முடியாத தனிக் கூண்டுகள் 2016 முதல் பிரான்ஸில் இல்லை. பல வாத்துகள் சேர்ந்து நிற்கும் கூண்டுகள்தான். ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன் போன்ற நாடுகளில் இந்த உற்பத்தியே கிடையாது. இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2003இல் தடுத்தது. இந்தியா 2014 ஜூலையில் இறக்குமதிக்கே தடை போட்டது. அதனால் நம்மில் ஊரில் இருப்பவர்கள் இதைக் கடையில் பார்க்க வாய்ப்பில்லை.

பிரான்ஸ் எதிர்த்திசையில் போனது. 2006இல் வேளாண் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, ஃபுவா க்ரா நாட்டின் பாதுகாக்கப்பட்ட பண்பாட்டு, சமையல் மரபுச் சொத்து என்று அறிவித்தது. அதே பிரிவு, ஊட்டிக் கொழுக்க வைத்த ஈரல்தான் ஃபுவா க்ரா என்றும் வரையறுத்தது. ஊட்டாமல் செய்தால் அந்தப் பெயரே கிடைக்காது. எனக்கு இதில் ஒரு சங்கடம். மரபு என்று காப்பாற்றப்படுவது முக்காலியில் உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்த பாட்டியின் முறையா, இரண்டு நொடிக் குழாயா? சட்டம் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிட்டது. எதிர்ப்பாளர்களும் அதையேதான் செய்கிறார்கள், ஆண்டு முழுக்க நூறு வாத்து வளர்க்கிற வீட்டையும் வாரத்துக்கு ஆயிரம் அனுப்புகிற கொட்டகையையும் ஒரே படத்தில் காட்டுகிறார்கள். நான் சாப்பிடுவதில்லை, ஆனால் இரண்டும் ஒன்று என்று சொல்லத் தயங்குகிறேன்.

இத்தனை சண்டை நடந்தும் பண்ணைகளை மூட வைத்தது எதிர்ப்பாளர்கள் அல்ல. வைரஸ்தான். 2015 நவம்பரில் தொர்தோன் மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் தெரிந்தது. 2016 ஜனவரியிலிருந்து தென்மேற்கின் 18 மாவட்டங்களில் புதுக் குஞ்சு இறக்கத் தடை. சில மாதம் பண்ணைகள் காலியாகக் கிடந்தன. ஒரு தொகுதி முழுவதும் வெளியேறி, கழுவிக் காய்ந்தபிறகுதான் அடுத்தது, ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் செருப்பு மாற்ற வேண்டும் என்று புது விதிகள் வந்தன. ஒரே முற்றத்தில் எல்லா வயது வாத்தும் சுற்றிய பழைய வாழ்க்கைக்கு அங்கேயே முற்றுப்புள்ளி. ஓய்வுக்கு நெருங்கியவர்களில் பலர், இதற்காகப் புதிதாகக் கடன் வாங்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த குளிர்காலமே நோய் மறுபடி வந்தது. 2020-21இல் லாந்த் மறுபடி அடிவாங்கியது. வாத்து இந்த வைரஸுக்கு வசதியான வண்டி. அறிகுறி தெரியும் முன்பே பரப்பத் தொடங்கிவிடும். காலையில் நன்றாக இருந்த கூட்டம் ஏற்கெனவே பக்கத்துப் பண்ணைக்குக் கொடுத்திருக்கும்.

2021-22 எல்லாவற்றையும் மிஞ்சியது. நாடு முழுக்க 1,378 பண்ணைகளில் தொற்று, சுமார் 2 கோடிப் பறவைகள் அழிப்பு. இந்தத் தடவை லுவார் பகுதியும் பற்றிக்கொண்டது, அதாவது குஞ்சு பிறக்கும் இடமே. தொற்றே இல்லாத சலோஸ் பண்ணைகூடக் குஞ்சு கிடைக்காமல் காலியாக நின்றது. வீட்டில் தாய்வாத்து இருந்த காலத்தில் இப்படி ஒரு நிலை வந்திருக்காது. வேறு வழியில்லாமல் சிலர் பெண் முலார்களை ஊட்டத் தொடங்கினார்கள். அதுவரை ஆண்களை மட்டும்தான் ஈரலுக்கு வளர்த்தார்கள். பெண்ணின் ஈரல் சின்னது, நரம்பு அதிகம் என்று பொரிப்பகத்திலேயே கழித்துவிடுவது வழக்கம்.

இன்னொரு பக்கம், அபாயம் கூடிய மாதங்களில் எல்லா வாத்தையும் கூரைக்குள் வைக்க வேண்டும் என்ற விதி. வெளியே மேய்வதையே பெருமையாகச் சொல்லி விற்ற சின்னப் பண்ணைகளுக்கு இது தாங்க முடியாத அடி. அவர்களின் சங்கங்கள் வழக்கும் போராட்டமுமாக நின்றன. நோயைப் பெருக்கியது நெருக்கிக் கட்டிய பெரிய கொட்டகைகளும் அவற்றுக்கு நடுவே ஓடும் லாரிகளும்தானே, எங்களை ஏன் அடைக்கிறீர்கள் என்பது அவர்கள் வாதம். அதில் பாதியை அரசும் நடைமுறையில் ஒப்புக்கொண்டது. 2022 டிசம்பர் நடுவிலிருந்து ஒரு மாதம், அதூர் ஆற்றையொட்டிய 68 ஊர்களில் வாத்து இறக்காமல் இடைவெளி விட்டார்கள்.

2023 அக்டோபர் 1 முதல் 250 வாத்துக்கு மேல் வளர்க்கும் பண்ணைகளுக்குத் தடுப்பூசி கட்டாயம். குஞ்சுக்குப் பத்து நாளில் ஓர் ஊசி, நாலு வாரம் போல இன்னொன்று, அபாயப் பகுதிகளில் மூன்றாவதும் உண்டு. ஆண்டுக்கு 6 கோடிக்கும் மேற்பட்ட வாத்துகள். ஊசி போட்ட பறவையில் வைரஸ் ஒளிந்திருக்குமோ என்று அமெரிக்காவும் கனடாவும் உடனே பிரெஞ்சுக் கோழி, வாத்து இறக்குமதியை நிறுத்தின. இறைச்சிக் கோழி வியாபாரிகளுக்கு வாத்துக்காரர்கள் மேல் கோபம். ஆனால் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. 2023-24 பருவத்தில் நாடு முழுக்க 10 தொற்றுகள்தான். முதல் ஆண்டுச் செலவு ஏறக்குறைய 10 கோடி யூரோ, அதில் 85 சதவீதத்தை அரசு ஏற்றது. இரண்டாம் ஆண்டில் அது 70 சதவீதமாக இறங்கியது. மீதி தொழிலின் தலையில்.

இதெல்லாம் நடக்கும் வீட்டில் அடுத்த ஆள் யார் என்பதுதான் இப்போதைய கேள்வி. 2020 கணக்கெடுப்பில் பிரான்ஸில் ஏறக்குறைய 3,90,000 பண்ணைகள் இருந்தன, 1970இல் இருந்தது சுமார் 16 லட்சம். பண்ணை நடத்துகிறவர்களில் 43 சதவீதம் பேர் 55 வயதைத் தாண்டியவர்கள். ஏற்க முன்வரும் மகனோ மகளோ ஒரே சமயத்தில் மூன்று கணக்குப் போட வேண்டியிருக்கிறது. உடன்பிறந்தவர்களுக்கு ஈட்டுத் தொகை, கொட்டகைக்கும் அறுப்புக்கூடத்துக்கும் அப்பா விட்டுப்போன கடன், ஊசிக்கும் பரிசோதனைக்கும் ஆண்டுச் செலவு. 40 வயதுக்குள் தொடங்கினால் அரசு உதவித்தொகை உண்டு, ஆனால் அதற்கு ஒழுங்கான தொழில் திட்டம் காட்ட வேண்டும். அந்தத் திட்டத்தில் வாத்தின் எண்ணிக்கையை எழுதும் இடத்தில், ஒப்பந்தத்துக்குத் தேவையான ஆயிரங்களைப் போடுவதா, 250க்குக் கீழே நிறுத்தி எல்லாவற்றையும் வீட்டு வாசலில் விற்பதா என்பதை முடிவு செய்தாக வேண்டும். இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவருக்கு வங்கியில் கடன் கிடைப்பது கஷ்டம்.